தருண வாரியத்தில் ஒரு நீராவி வண்டி

வண்டி மறுபடியும் பாலத்திலிருந்து விழுந்தது.

விழுந்ததில் அக்காவின் தப்பு ஒன்றுமில்லை. மலையைக் குடைந்த சுரங்கத்துக்குள் வண்டி நுழைகிற நேரம் பார்த்து அவளுடைய திரை செத்துப்போகும். அதற்கு மறுபடி உயிர் வரும்போது சுரங்கம் முடிந்து, வெளியே இருக்கிற வளைவும் முடிந்து, வண்டி ஆற்றுக்குள் கிடக்கும். பிரேக் பிடிக்க வேண்டியவள் அவள்தான். வளைவைக் கண்ணால் பார்த்தால்தானே பிடிப்பதற்கு.

"என்னக்கா, மறுபடியுமா?" என்றான் தம்பி காதுக்குள்.

"நான் என்னடா பண்றது? சுரங்கத்துக்குள்ள போனதும் எல்லாம் நின்னுடுது."

"உன் கிராபிக்ஸ் கார்டு கிழடாயிடுச்சு. மாத்து."

பல்செட் செய்கிற கூடத்தில் அவளுக்கு வேலை. ஊரில் பாதிப் பேர் சிரிப்பது அவள் மெழுகில் நட்டு வார்த்த பல்லால். அங்கே வயது வித்தியாசம் பார்க்காமல் எல்லோரும் அவளை அக்கா என்றே கூப்பிட்டார்கள். நமக்கும் அது போதும். தம்பி இருப்பது வேறு ஊரில். கப்பல் எஞ்சின் அறையில் வேலை பார்ப்பவன், இப்போது விடுப்பில் இருந்தான். அம்மா போன பிறகு வீட்டைப் பற்றி ஒரு பேச்சு வந்து, அந்தப் பேச்சோடு இரண்டு பேருக்கும் பேச்சு நின்றுபோனது. அப்புறம் எப்படியோ இந்த விளையாட்டு வந்தது. பனிமலை வழியாக ஒரு நீராவி வண்டியை இரண்டு பேர் சேர்ந்து ஓட்ட வேண்டும். அக்கா ஓட்டுவாள், தம்பி கரி அள்ளிப் போடுவான். "கரி போடுடா", "பிரேக் பிடி, அக்கா" என்று ஆரம்பித்து, "சாப்பிட்டியா" வரைக்கும் வந்திருந்தார்கள். கடைசி ஸ்டேஷனுக்கு ஒரு சுரங்கமும் ஒரு பாலமும்தான் பாக்கி. ஞாயிற்றுக்கிழமை அவன் கப்பல் ஏற வேண்டும். ஏறினால் மாதக்கணக்கில் பேச்சு மூச்சு இருக்காது. வண்டி அதற்குள் ஊர் போய்ச் சேராவிட்டால், பேச்சும் பழையபடி நின்றுவிடும் என்று அக்கா பயந்தாள். பயத்துக்குக் காரணம் கேட்டால் அவளால் சொல்ல முடியாது. ஆனால் பயந்தாள்.

பனியைக் குறைத்துப் பார்த்தாள், மரங்களை எடுத்துப் பார்த்தாள், படத்தின் தரத்தை அடிமட்டம் வரைக்கும் இறக்கிப் பார்த்தாள். மலை மொட்டையானது. தம்பியின் மூஞ்சி சப்பட்டையானது. சுரங்கத்தில் திரை சாவது மட்டும் மாறவில்லை. கணினிக்குள் படம் வரைகிற பலகைதான் கிராபிக்ஸ் கார்டு என்பது. அது மாறாமல் எதுவும் மாறாது என்று தெரிந்ததும், வேலை முடிந்த கையோடு கடைக்குப் போனாள். கண்ணாடிப் பெட்டிக்குள் கார்டுகள் வரிசையாக இருந்தன. ஒன்றைக் காட்டி, "இதைக் குடுங்க" என்றாள்.

"தருணச் சான்று இருக்கா?" என்றார் கடைக்காரர்.

"பணம் இருக்கு."

"பணம் யார்கிட்டதான் இல்ல? தருணம் இருக்கா?"

இந்த இடத்தில் தருண வாரியத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். முன்பு ஒரு காலத்தில் யார் வேண்டுமானாலும் கடைக்குப் போய் கார்டு வாங்கலாம் என்கிற காட்டுமிராண்டித்தனம் இருந்தது. அப்படி வாங்கிய சிலர், மறுவாரமே அதைவிட நல்லது வந்துவிட்டதைப் பார்த்து வாயிலும் வயிற்றிலும் அடித்துக்கொண்டார்கள். குடிமக்கள் இப்படி வருந்தலாமா என்று பெரியவர்கள் கூடிப் பேசி அமைத்ததுதான் மேம்பாட்டுத் தருண நிர்ணய வாரியம். பழைய கார்டை மாற்ற உங்களுக்கு நேரம் வந்துவிட்டதா இல்லையா என்பதை வாரியம் சொல்லும். சொல்லும்வரை கடைக்காரர் விற்கக் கூடாது. வாரியம் வந்ததிலிருந்து கார்டு வாங்கி வருந்தியவர் ஒருவர்கூட இல்லை. வாங்கியவரும் இல்லை என்பதைச் சிலர் குறையாகச் சொல்வார்கள். அவர்கள் எதற்கும் குறை சொல்கிறவர்கள்.

வாரியத்தின் வாசலில் "பொறுத்தார் பூமி ஆள்வார்" என்று பெரிய எழுத்தில் எழுதியிருந்தது. அதற்குக் கீழே சின்ன எழுத்தில், "பொறுக்காதவர் பழைய கார்டு ஆள்வார்" என்று வாரியமே சேர்த்திருந்தது. உள்ளே காத்திருப்புக் கூடத்தில் ஆட்கள் சுவரோடு சுவராக உட்கார்ந்திருந்தார்கள். சிலர் தலையணை கொண்டுவந்திருந்தார்கள். அக்கா விஷயத்தைச் சொன்னதும், அவளுடைய எரிச்சலை முதலில் அளக்க வேண்டும் என்று மறுநாளே ஒருவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். வாரியம் வேகமாகச் செய்த காரியம் அது ஒன்றுதான்.

எரிச்சல் அளவையாளர் செருப்பை ஒழுங்காகக் கழற்றி வைத்துவிட்டு வந்தார். அக்காவின் விரலில் ஒரு கிளிப்பை மாட்டினார். நாற்காலியை அவள் முதுகுக்குப் பின்னால் போட்டு உட்கார்ந்தார்.

"இப்போ எப்பவும் விழற மாதிரி விழுங்க. நான் இருக்கேன்னு நினைக்காதீங்க. இயல்பா விழுங்க."

அக்கா இயல்பாக விழுந்தாள். அளவையாளர் கருவியைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"ஒரு பெருமூச்சுதான் வந்திருக்கு. அதுவும் பாதியில நின்னுபோச்சு. தாங்க முடியாத எரிச்சல்னு நான் எப்படி எழுதறது?"

"உள்ளுக்குள்ள இருக்கு சார்."

"உள்ளுக்குள்ள இருக்கறதுக்கு வாரியம் பொறுப்பில்லம்மா. போன வாரம் ஒருத்தர் கீபோர்டைக் கடிச்சார். அவருக்கே ஓரளவுன்னுதான் குடுத்திருக்கேன்."

"பல்லு போச்சா?"

"ரெண்டு போச்சு."

"எங்க கூடத்துக்கு அனுப்புங்க."

சாட்சிக்கு அக்காவின் வீட்டுக்காரரைக் கூப்பிட்டார்கள். அவர் பொய் சொல்லத் தெரியாத மனிதர். கல்யாணத்துக்குப் பிறகு அக்கா சந்தித்த கஷ்டங்களில் பாதி அதனால் வந்தது.

"இந்த வண்டி விழும்போது உங்க மனைவிக்குக் கோபம் வருமா?"

"வரும் சார்."

"கார்டு மேலயா?"

"இல்ல சார், என் மேல."

அளவையாளர் முகம் மலர்ந்தது. "அப்போ கார்டு வேலை செய்யுது. நீங்கதான் சரியில்ல" என்று சொல்லி, மிதமான எரிச்சல் என்று எழுதிக்கொண்டு, செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார். மிதமான எரிச்சல்காரர்கள் அடுத்து இடுக்குப் பிரிவுக்குப் போக வேண்டும் என்பது முறை.

இடுக்கு என்றால், ஒரு கணினியில் எந்தப் பாகம் மெதுவாக இருந்து மற்ற எல்லாவற்றையும் தடுக்கிறதோ அது. அதைக் கண்டுபிடிக்காமல் கார்டை மாற்றினால் புதுக் கார்டும் மற்றதற்காகக் காத்துக்கொண்டு சும்மா நிற்கும். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கும். இடுக்குப் பிரிவு அதிகாரி அந்த நியாயத்தைப் பிடித்துக்கொண்டு ரொம்ப தூரம் போனவர்.

"உங்க கார்டு பிரச்சனையே இல்ல. பிராசசர்தான் இடுக்கு" என்றார்.

"சரி, அதையும் சேர்த்து மாத்திடறேன்."

"மாத்தினா மதர்போர்டு இடுக்காயிடும்."

"அதையும் மாத்தறேன் சார்."

"மாத்தலாம். அப்புறம் அதுக்கு மின்சாரம் பத்தாது. பெரிய பவர் சப்ளை போட்டா உங்க வீட்டு வயரிங் தாங்காது. வயரிங்கை மாத்தினா உங்க தெரு டிரான்ஸ்ஃபார்மர் இடுக்கு. அதுக்கு நான் மின்வாரியத்துக்கு ஏற்கெனவே எழுதிட்டேன்."

அக்கா திகைத்துப் போனாள். தன் வீட்டில் ஒரு வண்டி சுரங்கம் தாண்டுவதற்காகத் தெருவே இருட்டில் நிற்கப்போகிறதா என்று அவளுக்குக் கவலை வந்தது.

அதிகாரி அதோடு விடவில்லை. மேஜைமேல் ஒரு சிவப்பு விளக்கை வைத்து, எரிந்ததும் பொத்தானை அமுக்கச் சொன்னார். விளக்கு எரிந்தது. அக்கா அமுக்கினாள். மறுபடி எரிந்தது. மறுபடி அமுக்கினாள். அதிகாரி பேனாவை மூடி வைத்துவிட்டு, மோசமான செய்தி சொல்கிற டாக்டரின் குரலில் பேசினார்.

"மத்த எல்லாத்தையும் மாத்தினாலும் கடைசியில ஒண்ணு பாக்கி நிக்குது. இந்தக் கணினியில ரொம்ப மெதுவான பாகம் நீங்கதான்."

"நானா?"

"மனசு கஷ்டப்படாதீங்க. பெரும்பாலான வீட்டுல ஆள்தான் இடுக்கு. கண்ணு பார்த்து, மூளைக்குப் போய், விரலுக்கு வர்றதுக்குள்ள நல்ல கார்டு பத்துப் படம் வரைஞ்சு முடிச்சிடும். அதையெல்லாம் நீங்க வீணாக்கப் போறீங்க."

"அப்போ என்னை என்ன சார் பண்றது?"

"உங்களை மாத்த முடியாது. அடுத்த தலைமுறை வரைக்கும் பொறுக்கணும். பிள்ளைங்க இருக்காங்களா?"

"இல்ல."

"த்சொ. அப்போ உங்களுக்கு மேம்பாட்டு வழியே இல்லையே."

அவர் அதைக் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. கெட்ட எண்ணம் இருந்திருந்தால்கூட அக்கா பொறுத்திருப்பாள். அவளுக்குக் காது இரண்டும் சூடாகி, கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. எரிச்சல் அளவையாளர் மட்டும் அந்த நேரத்தில் பக்கத்தில் இருந்திருந்தால் சான்று அங்கேயே கிடைத்திருக்கும். அவர் வேறு வீட்டில் வேறு யாரையோ இயல்பாக விழச் சொல்லிக்கொண்டிருந்தார்.

மேல்முறையீடு செய்தாள். வாரியத் தலைவரே நேரில் விசாரிப்பார், வெள்ளிக்கிழமை மதியம் வாருங்கள் என்றார்கள். வெள்ளிக்கிழமை காலை அவள் மெழுகு உருக்கிக்கொண்டிருக்கும்போது தம்பி போன் செய்தான்.

"அக்கா, கப்பல் முன்னாடியே கிளம்புதாம். இன்னைக்குச் சாயங்காலமே துறைமுகத்துக்கு ரயில் ஏறணும். அதுவரைக்கும் ஆன்லைன்ல இருக்கேன். கார்டு கிடைச்சா வா. கிடைக்கலன்னா விடு, பரவாயில்ல."

அந்தப் பரவாயில்லைதான் அவளை உலுக்கியது. அம்மாவின் வீட்டைப் பற்றிப் பேச்சு வந்த அன்றைக்கும் அவன் கடைசியாகச் சொன்னது அதே வார்த்தைதான்.

விசாரணை மண்டபத்தில் நடுநாயகமாக, சிவப்புக் கயிறு கட்டி, ஒரு கணினி இருந்தது. வாரியத்தின் மாதிரிக் கணினி அது. உலகத்தில் எந்தக் கார்டு புதிதாக வந்தாலும் அளந்து பார்ப்பதற்காக அதில் முதலில் செருகுவார்கள். உலகத்து விளையாட்டுகள் எல்லாம் அதில் இருந்தன. எதையும் யாரும் தொடங்கியதில்லை. பெரிய திரையில் ஒரு அருவி தானாகக் கொட்டிக்கொண்டிருக்க, ஓரத்தில் எண்கள் ஓடிக்கொண்டிருந்தன. காவலாளி ஒருவர் பக்கத்தில் நின்று தூசி தட்டிக்கொண்டிருந்தார்.

தலைவர் தன் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். மேஜைமேல் அவருடைய சொந்தக் கணினி. பக்கம் முழுவதும் கண்ணாடி, உள்ளே வண்ண விளக்குகள். கார்டு இருக்க வேண்டிய இடம் மட்டும் காலி.

முதலில் முன்செய்தி அதிகாரி எழுந்தார். வதந்தி என்கிற வார்த்தையை வாரியத்தில் யாரும் பயன்படுத்துவதில்லை. வந்த செய்தி செய்தி. வராத செய்தி முன்செய்தி.

"நம்பத்தகுந்த வட்டாரத் தகவல், தலைவர் அவர்களே. ஒரு தொழிற்சாலை லாரி டிரைவரோட மச்சான் ஒரு அட்டைப்பெட்டியைப் பார்த்திருக்கார். பெட்டி பெருசா இருந்திருக்கு. ஆகவே அடுத்த கார்டு பெருசா இருக்கும்னு தெரிய வருது."

"எப்போ வருமாம்?" என்றாள் அக்கா.

"பெட்டி மேல தேதி இல்லம்மா. அதனால எப்ப வேணும்னாலும் வரலாம்."

தலைவர் தலையை ஆட்டினார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு பேசினார்.

"பாரும்மா, நானும் உன்னை மாதிரி இருந்தவன்தான். வாரியம் தொடங்கின அன்னைக்கே கார்டு வாங்கலாம்னு எழுந்தேன். புதுசு வருதுன்னாங்க, உட்கார்ந்துட்டேன். புதுசு வந்தது. எழுந்தேன். அதைவிடப் புதுசு வருதுன்னாங்க. உட்கார்ந்துட்டேன். இதோ பார், என் பெட்டியில அந்த இடம் இன்னும் காலி. எத்தனையோ தலைமுறைக் கார்டு வந்து கிழடாகிப் போச்சு. ஒண்ணாவது என்னை ஏமாத்த முடிஞ்சுதா? இத்தனை வருஷத்துல ஒரு நாள், ஒரே ஒரு நாள் நான் வருந்தினதில்ல."

கைதட்டினார்கள். அக்காவுக்கு நிஜமாகவே ஒரு சந்தேகம்.

"அப்போ என்ன சார் விளையாடுவீங்க?"

தலைவர் முன்செய்தி அதிகாரியைப் பார்த்தார். அவர் இடுக்குப் பிரிவு அதிகாரியைப் பார்த்தார்.

"விளையாட்டு வேற துறை" என்றார் தலைவர். "உன் விஷயத்துல வாரியத்தோட முடிவு, இன்னும் தருணம் வரலை. பொறுத்திரு."

அக்கா எழுந்து நின்றாள். கும்பிட்டுவிட்டுப் போவாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவளும் அப்படித்தான் நினைத்திருந்தாள்.

"சார், நான் பல்லு செய்யறவ. பல்லு விழுந்து வர்றவங்ககிட்ட, அடுத்த வருஷம் இதைவிட வெள்ளையா வரும், அதுவரைக்கும் மெல்லாம முழுங்குங்கன்னு நான் சொன்னா என்னைக் கல்லால அடிப்பாங்க. இன்னைக்குச் சாப்பிடறதுக்குத்தான் சார் இன்னைக்குப் பல்லு. என் தம்பி இன்னைக்கு இருக்கான். தருணம் வந்துதா வரலையான்னு எனக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியறதுக்கு நியாயமே இல்ல."

சொல்லிவிட்டுச் சிவப்புக் கயிற்றுக்கு அடியில் குனிந்து அந்தப் பக்கம் போனாள். நாற்காலியை இழுத்துப் போட்டாள். இத்தனை நாளாகப் பிரிக்காத பிளாஸ்டிக் உறையைக் கிழித்து ஹெட்செட்டை எடுத்துத் தலையில் மாட்டினாள். விளையாட்டுக்குள் தன் கணக்கில் நுழைந்தாள். அருவி நின்றது. பனிமலை வந்தது.

"டேய், இருக்கியா?"

"இருக்கேன்க்கா. கார்டு வாங்கிட்டியா?"

"வாங்கல. உட்கார்ந்துட்டேன். கரி போடு."

"யாரைக் கேட்டு?" என்று தலைவர் எழுந்தார். இது அளக்கிற கணினி, விளையாடுகிற கணினி இல்லை என்றார் இடுக்குப் பிரிவு அதிகாரி. எரிச்சல் அளவையாளர் பழக்கதோஷத்தில் ஓடிவந்து கிளிப்பை மாட்டப் பார்த்தார். அக்கா கையை உதறியதில் கிளிப் எங்கோ போய் விழுந்தது. சத்தம் கேட்டுக் காத்திருப்புக் கூடத்து ஆட்கள் தலையணையும் கையுமாக உள்ளே வந்து நின்றார்கள்.

"அவளை இழுத்து வெளிய விடுய்யா" என்றார் தலைவர்.

காவலாளி திரையைப் பார்த்தபடியே சொன்னார், "சுரங்கம் வருது சார். தாண்டட்டும்."

சுரங்கம் வந்தது. திரை சாகவில்லை. அக்கா அந்தச் சுரங்கத்தின் உள்ளே எப்படி இருக்கும் என்று முதல் தடவையாகப் பார்த்தாள். சுவரெல்லாம் பனிக்கட்டி தொங்கியது. அடுப்பு வெளிச்சத்தில் வண்டியின் உள்ளே எல்லாம் சிவந்திருந்தது. கரி அள்ளிக்கொண்டிருந்த தம்பி, அள்ளுவதை நிறுத்திவிட்டு, கழுத்தைத் திருப்பி அவளைப் பார்த்தான்.

"என்னடா என்னையே பார்க்கிற?"

"எப்பவும் இந்த இடத்துல பார்ப்பேனே."

"ஒவ்வொரு தடவையுமா?"

"பின்ன? இருட்டு வருது, நீ இருக்கியான்னு பார்க்க வேணாமா?"

இத்தனை தடவை அவன் திரும்பிப் பார்த்திருக்கிறான், இத்தனை தடவையும் அவளுடைய திரை செத்திருக்கிறது. அழுதால் வளைவு தெரியாது என்பதால் அக்கா அழவில்லை. சுரங்கத்தின் வாய் வெளுத்தது. வளைவு தெரிந்தது. பிரேக் பிடித்தாள். சக்கரம் கீச்சிட்டு, வண்டி பாலத்தில் ஏறி, மறுகரையில் இறங்கிப் போனது. தலையணைக்காரர்கள் விட்ட மூச்சு மண்டபம் முழுக்கக் கேட்டது.

கடைசி ஸ்டேஷன் சின்னது. ஒரு விளக்கு, ஒரு பெஞ்சு, அவ்வளவுதான். வண்டி நின்றது.

"வந்துட்டோம்க்கா" என்றான். பிறகு கொஞ்சம் தயங்கி, "வீட்டு விஷயம், நான் திரும்பி வந்ததும் பேசலாம்" என்றான்.

"பேசலாம். சண்டை வேணும்னாலும் போடலாம். பரவாயில்லன்னு மட்டும் சொல்லாத."

"சரிக்கா. கிளம்பறேன்."

அவன் போன பிறகும் அவனுடைய பொம்மை உருவம் கொஞ்ச நேரம் கரிக்கரண்டியோடு நின்றுவிட்டு மறைந்தது. அக்கா ஹெட்செட்டைக் கழற்றினாள். தலைவர் கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தார். கோபம் தணிந்து, அவர் முகத்தில் இப்போது நிஜமான பரிவு இருந்தது.

"அவசரப்பட்டுட்டியேம்மா. அடுத்த மாசமே இதைவிடத் தெளிவா வரும். அப்போ நீ வருத்தப்படுவே."

"வரட்டும் சார்" என்றாள் அக்கா. "அப்போ அவன் கப்பல்ல இருப்பான்."

அக்கா நாற்காலியை விட்டு எழுந்து, ஹெட்செட்டைக் கையில் பிடித்தபடி, தலையணைகளோடு நின்றிருந்த கூட்டத்தைப் பார்த்தாள்.

"அடுத்து யாரு?" என்றாள்.